பாதி வழி வரை

படிவத்தில் நாளைக் கால் மணி நேரத் துண்டுகளாக நறுக்கியிருந்தார்கள். காலை ஐந்திலிருந்து இரவு ஒன்பது வரை அறுபத்து நான்கு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே மூன்று பத்திகள்: செய்த வேலை, சந்தித்த ஆட்கள், கிடைத்த பலன். அப்படி ஏழு நாட்கள்.

"ஆர் இதைச் செய்தது?" என்று ஞானமணி கேட்டாள்.

"நெடுஞ்செழியன்," என்றான் அவள் தம்பி பேரின்பநாதன். மடிக்கணினி அவனுடையது. "எண்ணெய்க் கொம்பனியில அவருக்கு இதுதான் வேலை. கிணறு தோண்டுற ஆக்கள் எத்தினை மணிக்குத் தேத்தண்ணி குடிச்சவை எண்டு கேட்டாலும் சொல்லுவார்."

ஞானமணிக்கு அறுபத்து மூன்று வயது. மானிப்பாயில் பிறந்து, சண்டைக்காலத்தில் ஹூஸ்டனுக்கு வந்து, ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எட்டு வருடம் தாதியாக இருந்தாள். பிறகு ஹூஸ்டனை அடுத்த கேட்டியில் உள்ள தமிழ்ச் சபை அவளை மிஷனரியாக ஸாம்பியாவின் கிழக்கே கசவே என்ற ஊருக்கு அனுப்பியது. அங்கே பத்தொன்பது வருடம் ஆகிறது. இரண்டு அறையுள்ள மருந்தகத்துக்கு அவள்தான் தாதி, பிரசவம் பார்க்கிறவள், புதன்கிழமைகளில் பிரசங்கம் செய்கிறவள், சாவியை வைத்திருக்கிறவளும் அவள்தான். நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஐந்து மாத விடுப்பில் தம்பி வீட்டுக்கு வருவாள். விடுப்பு முடிந்ததும் சபையில் தலைமேல் கை வைத்து ஜெபித்து, ஒரு சுடுநீர்க் குடுவையைப் பரிசாகக் கொடுத்து வழியனுப்புவார்கள். கசவேயில் அப்படி நான்கு குடுவைகள் இருந்தன.

இந்த முறை குடுவைக்கு முன்னால் படிவம் வந்தது. வயதைக் கருதி, மறுபடி அனுப்புவதா, இத்துடன் நிறுத்தி இங்கேயே வைத்துக்கொள்வதா என்று ஊழியக் குழு யோசிக்கிறது. அக்டோபர் மூன்றாம் ஞாயிறு கூட்டம். அதற்குள் அவளுடைய ஒரு சாதாரண வாரம் எப்படிப் போகும் என்று எழுதித் தர வேண்டும்.

அவளுக்குத் திரும்பிப் போக வேண்டும். இது தவிர யாரிடமும் கேட்க அவளுக்கு வேறொன்றும் இல்லை. நவம்பர் நடுவில் மழை தொடங்கிவிட்டால் கசவேக்குப் போகிற மண் பாதையில் வண்டி ஏறாது. அதற்கு முன் போய்ச் சேர வேண்டும்.

"உள்ளதை உள்ளபடி போடுவம் அக்கா," என்றான் பேரின்பநாதன். "நீ சொல்லு, நான் அடிக்கிறன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டு கசவேயில் ஐந்து மணிக்கு எழும்பினாள்.

அடுப்பு மூட்டுதல். ஐந்தேகாலுக்குக் கைப்பம்பில் தண்ணீர். பம்பில் எப்போதும் வரிசை இருக்கும். வரிசையில் நிற்கிற ஒவ்வொருவரிடமும் எப்படி விடிந்தது என்று கேட்க வேண்டும். அவர்களும் கேட்பார்கள். அவர்கள் வீட்டில் மற்றவர்களுக்கு எப்படி விடிந்தது என்பதையும் கேட்க வேண்டும். கேட்காமல் வாளியை வைத்தால் ஏதோ மனக்கசப்பு என்று ஊர் பேசும். இதற்கு மூன்று கட்டங்கள் போயின.

"பலன்?" என்றான் தம்பி.

"தண்ணி."

அவன் அப்படியே அடித்தான்.

ஏழு மணிக்கு மருந்தக வாசலில் ஒரு பாட்டு, ஒரு ஜெபம், மலேரியாவைத் தடுக்கும் நுளம்பு வலையைப் பற்றி நான்கு வார்த்தை. வலையை மீன் பிடிக்க எடுத்துக்கொண்டு போகிறவர்கள் முன் வரிசையில் இருந்து தலையாட்டுவார்கள். ஏழரையிலிருந்து நோயாளிகள். காய்ச்சல், இருமல், எண்ணெய் சுட்ட கை, வயிற்றிலிருக்கும் பிள்ளை ஆடவில்லை என்று வருகிறவள். திங்களன்று மாமரக் கிளையில் தராசைக் கட்டிக் குழந்தைகளை நிறுப்பது. நடுப்பகலில் சோளக்களி. பிறகு தடுப்பூசி கொண்டுவரும் மோட்டார்சைக்கிளுக்குக் காத்திருப்பது. வந்தால் ஒரு வேலை. வராவிட்டால் காத்திருந்ததுதான் வேலை. பின்னேரம் சைக்கிளில் அடுத்த குடியிருப்புகளுக்குப் போய், நடக்க முடியாதவர்களுக்கு மருந்து கொடுத்து, அந்த வீட்டில் வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசித்துவிட்டுத் திரும்புவது.

"இடையில இடையில அரை மணித்தியாலம், கால் மணித்தியாலம் விடுபடுது," என்றான் அவன். "அது என்ன?"

"வழி கொண்டுபோய் விடுறது."

கசவேயில், வந்தவர் திரும்பும்போது வீட்டுக்காரர் கூட நடக்க வேண்டும். மருந்தகத்துக்கு வந்தவரானாலும் அப்படித்தான். பாதி வழி வரை. ஊரைப் பொறுத்து அது பெரிய கறையான் புற்றாக இருக்கலாம், ஆற்றங்கரையாக இருக்கலாம். போகிறவர் நின்று, "போதும், திரும்புங்கள்" என்று சொல்வார். அந்தச் சொல் வரும் முன்னே திரும்பினால் முகத்தில் கதவைச் சாத்தியதற்குச் சமம். சொன்ன பிறகும் கூடப் போனால், சாப்பாட்டுக்கு வருகிறாள் என்று நினைப்பார்கள். எல்லா நோயாளிகளுக்கும் அது முடியாது. தூரத்திலிருந்து தனியே வந்தவர்களுக்கு அவள் அதைச் செய்வாள். அந்த நேரத்தில் உதவியாளர் எஸ்னாட் மருந்தகத்தைப் பார்த்துக்கொள்வாள்.

பேரின்பநாதன் கூட்டிப் பார்த்தான். ஒரு நாளைக்குச் சராசரி நூறு நிமிடம். வாரத்துக்குப் பதினொரு மணி நாற்பது நிமிடம்.

"அக்கா, கிழமையில ஒரு நாளுக்கு மேல நீ சும்மா நடக்கிறாய்."

"அப்பிடிப் பாத்தா அப்பிடித்தான்," என்றாள். பிறகு சற்று யோசித்து, "அதை நோயாளி கண்காணிப்பு எண்டு போட்டா என்ன? ஆஸ்பத்திரியில அப்பிடித்தான் எழுதுவம்," என்றாள்.

"சேச்சே. சபைக்குக் குடுக்கிற கடுதாசி. பொய் வேண்டாம். வழி கொண்டுபோய் விடுதல். அவ்வளவுதான்." அந்தக் கட்டங்கள் எல்லாவற்றுக்கும் மஞ்சள் நிறம் அடித்தான். "வடிவா விளங்கட்டும்."

அவனுடைய நேர்மை அவளுக்குப் பெருமையாக இருந்தது.

பேரின்பநாதனின் மனைவி பத்மராணி இறந்து மூன்று வருடம். மகள் துவாரகா கலிபோர்னியாவில், குபெர்டினோவில் வேலை செய்கிறாள். ஞாயிறு தவறாமல் கூப்பிட்டு, அவன் தமிழுக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். நான்கு படுக்கையறை உள்ள வீட்டில் அவன் சமையலறை மேடையில் நின்றபடியே சாப்பிடப் பழகியிருந்தான். அக்கா வந்த பிறகு மேசையில் தட்டு வைத்துச் சாப்பிட்டான். குளியலறையில் அவள் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி பொருத்தினான். அவளுக்கென்று சாய்வு நாற்காலி ஒன்று வாங்கினான். வெளியே போய்வந்து கதவைத் திறந்ததும் "நான் வந்திட்டன்" என்று சொல்வான். உள்ளே இருந்து பதில் வரும் வரை சப்பாத்தைக் கழற்ற மாட்டான்.

ஞானமணிக்கு அந்த மாதங்கள் நன்றாகவே போயின. காலை ஆறு மணிக்கு, அதாவது கசவேயில் பகல் ஒரு மணிக்கு, எஸ்னாட்டின் செய்தி வரும். மாமரக் கிளை முறிந்துவிட்டது, தராசை வேறு கிளையில் கட்டியிருக்கிறேன். ரூத்துக்கு ஆண் குழந்தை, மூன்று கிலோ. பம்பின் கைப்பிடி கழன்றது, ஊர்த் தலைவரிடம் சொல்லியாயிற்று. எப்போது வருகிறீர்கள்? கடைசிக் கேள்வியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஞானமணி பதில் எழுதுவாள். பிறகு வீட்டுக் குடியிருப்பின் நடுவே உள்ள குளத்தைச் சுற்றி நடப்பாள். எதிரே வருகிற எல்லோரிடமும் எப்படி விடிந்தது என்று ஆங்கிலத்தில் கேட்பாள். முதல் மாதம் காதில் செருகியதைக் கழற்றி என்னவென்று கேட்டவர்கள், மூன்றாம் மாதத்தில் நின்று பதில் சொன்னார்கள். ஒருவர் தன் நாய்க்கு எப்படி விடிந்தது என்பதையும் சொன்னார்.

வழி கொண்டுபோய் விடுகிற பழக்கமும் காலில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. டெக்சஸில் அதற்கு இடமில்லை. வந்தவர்கள் வாசலிலேயே காரில் ஏறிவிடுகிறார்கள். ஆனாலும் ஏசி திருத்த வந்த மெக்சிகோக்காரர் புறப்பட்டபோது அவள் அவருடைய வேனின் பக்கத்தில் நடக்கத் தொடங்கிவிட்டாள். அவர் கண்ணாடியை இறக்கி, ஏதாவது கருவியை விட்டுவிட்டேனா என்று கேட்டார். இல்லை என்றாள். அவர் நடை வேகத்திலேயே வண்டியை ஓட்டி, தெரு முனை வரும் வரை, ஊரிலிருக்கும் மகளின் படிப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போனார்.

"இனி ஏசி பழுதாகாட்டிலும் அவன் வருவான்," என்றான் ஜன்னலில் நின்று பார்த்திருந்த பேரின்பநாதன்.

மூன்றாம் ஞாயிறு வந்தது. தமிழ்ச் சபைக்குச் சொந்தக் கட்டடம் இல்லை. அமெரிக்கச் சபை ஒன்றின் மண்டபத்தில், அவர்களுடைய ஆராதனை முடிந்த பிறகு, பிற்பகல் மூன்று மணிக்குக் கூடுவார்கள். ஊழியக் குழு பின்னறையில் கூடியது. பேரின்பநாதன் குழுவில் இல்லை. அவன் மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்க நின்றுவிட்டான்.

ஐந்து பேர் இருந்தார்கள். தலைவர் சிவகரன், இருதய டாக்டர், யாழ்ப்பாணத்துக்காரர். நாற்பத்தெட்டு வயதில் தலை முழுக்க நரை. அவருக்குப் பக்கத்தில் குறிப்பெடுக்கும் அஞ்சனா. நெடுஞ்செழியன் திருநெல்வேலிப் பக்கம். அவர் ஞானமணியின் வாரத்தை வட்ட வரைபடமாக்கிச் சுவரில் காட்டினார். அதில் மஞ்சள் துண்டு தனியே தெரிந்தது.

"ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க," என்றார். "இது ஆடிட் கிடையாது. எங்களுக்கு ஒரு கிளாரிட்டி வேணும், அவ்ளோதான்."

"பரவாயில்லை தம்பி. கேளுங்கோ."

"இந்த மஞ்சள் என்ன? வழி கொண்டுபோய் விடுதல். ட்ரான்ஸ்போர்ட்டா?"

"இல்லை. நடக்கிறது."

"நடந்து எங்க போவீங்க?"

"அவை போற பக்கம்."

"போய்?"

"திரும்பி வருவன்."

யாரோ சிரித்தார்கள். அஞ்சனா குறிப்பேட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

"மஞ்சளுக்கு எதிரே பலன் கட்டம் முழுக்க காலியா இருக்கே ஆன்ட்டி. தண்ணிக்குக்கூட தண்ணின்னு போட்டிருக்கீங்க."

ஞானமணி யோசித்தாள். வயிற்று வலி என்று மூன்று முறை மருந்தகத்துக்கு வந்த ஒரு பெண் நினைவுக்கு வந்தாள். மூன்று முறையும் அறைக்குள் வயிற்று வலிதான். நான்காம் முறை, கூட நடந்து கறையான் புற்றைத் தாண்டியதும் வேறொன்றைச் சொன்னாள். அதன் பிறகுதான் வைத்தியம் தொடங்கியது. இரத்தத்தோடு இருமுகிறதைச் சொன்ன ஆசிரியர் ஒருவர். இன்னும் பலர். கூட நடக்கிறவளின் முகத்தைப் பார்க்கத் தேவையில்லாததால் சொன்னவர்கள். ஆனால் வழியில் சொன்னது வழியில் இருக்க வேண்டியது. கேட்டியில் ஒரு சுவரில் வெளிச்சம் போட்டுக் காட்டுவதற்கு அவர்கள் சொல்லவில்லை.

"இருக்கு. சொல்லேலாது," என்றாள்.

"சரி ஆன்ட்டி. ஆனா அதே டைம்ல தினம் இன்னும் எட்டு பேஷன்ட் பாக்கலாம், இல்லையா?"

"பாக்கலாம்."

அவள் அதற்கு மேல் ஏதாவது சொல்வாள் என்று நெடுஞ்செழியன் காத்திருந்தார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. பதில் சொல்லியிருந்தால் அவருக்கே நிம்மதியாக இருந்திருக்கும்.

"நாங்கள் கதைச்சுப்போட்டுச் சொல்லுறம் அன்ரி," என்றார் சிவகரன். கூட்டம் முழுக்க அவர் பேசியது அது ஒன்றுதான். ஜெபித்துக் கலைந்தார்கள்.

சிவகரன் பக்கக் கதவால் வெளியே வந்தபோது ஞானமணி கூடவே வந்தாள். அவருடைய கார், நிழலுக்காக, வாகனத் திடலின் கோடியில் இருந்த ஒரே மரத்தடியில் நின்றது. அக்டோபரிலும் தார் சுட்டது. இருவரும் நடந்தார்கள். கார் வந்தது. சிவகரன் நின்றார். அவள் நிற்கவில்லை. வயதில் மூத்தவள் நடந்துகொண்டிருக்கும்போது காருக்குள் ஏறுவது மரியாதையாக இருக்காது என்று அவரும் தொடர்ந்து நடந்தார். அவள் ஏதோ தனியாகப் பேச வந்திருக்கிறாள் என்று நினைத்தார். அவளோ, அவர் "போதும்" என்று சொல்லட்டும் என்று நடந்தாள். அவருக்கு அந்தச் சொல் தெரியாது என்பது அவளுக்கு அப்போது தோன்றவில்லை; பத்தொன்பது வருடத்துக் கால்கள் அவை. இப்படியே திடலை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி காரைக் கடந்தார்கள்.

இரண்டாம் சுற்றில் சிவகரன் தொண்டையைச் செருமினார்.

"அன்ரி, ஒரு விசயம். இதைக் கூட்டத்தில சொல்லியிருக்க வேணும். சொல்லேல்லை."

"ம்."

"உங்களை அனுப்ப வேண்டாமெண்டு குழுவில ஒருத்தரும் முதல்ல நினைக்கேல்லை. நான்தான் பேச்சை எடுத்தனான்."

அவள் நடந்தாள்.

"உங்கட தம்பி ஓகஸ்டில என்னட்டப் பிறெஷர் பாக்க வந்தவர். பாத்தாச்சு, எல்லாம் நல்லம். எழும்பிப் போய்க் கதவுப் பிடியில கை வைச்ச பிறகு சொன்னவர், 'அக்காவுக்கு வயசு போட்டுது டொக்டர், இந்தமுறை அனுப்பாதேங்கோ' எண்டு. ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தான் அன்ரி. கால் மணித்தியாலம் முன்னால இருந்து வேற கதை கதைப்பினம். கதவில கை வைச்ச பிறகுதான் வந்த விசயம் வரும். அப்ப எனக்கு அடுத்த நோயாளி உள்ள வந்திடும்."

மரத்தடி மறுபடி வந்தது. இருவரும் அதைக் கடந்தார்கள்.

"அந்த மஞ்சளைப் பாத்து அவையள் சிரிச்சவை," என்றார் சிவகரன். "எனக்குச் சிரிப்பு வரேல்லை. கதவுக்கு வெளியில நூறு நிமிசம். எனக்கு அப்பிடி ஒரு பத்து நிமிசம் கிடைச்சா எத்தினை பேர் தப்பியிருப்பினம்." சற்றுப் பொறுத்து, "உங்களுக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை. முழங்காலும் என்ர முழங்காலை விடத் திறம். தனிமை அவருக்குத்தான். நான் என்ன எழுதிறது அன்ரி?" என்று கேட்டார்.

"புதன்கிழமை வரைக்கும் பொறுப்பீங்களோ?"

"பொறுப்பன்."

நான்காம் முறை கார் வந்தது. சிவகரனின் சட்டை முதுகில் நனைந்திருந்தது. அப்போதுதான் ஞானமணிக்கு உறைத்தது.

"நீங்கள்தான் போதும் எண்டு சொல்ல வேணும் தம்பி," என்றாள். "சொன்னாத்தான் நான் திரும்பலாம்."

அவர் அவளைப் பார்த்தார். மஞ்சள் துண்டு முழுதும் அவருக்கு விளங்கியதுபோல் இருந்தது. "போதும் அன்ரி," என்றார்.

வீடு திரும்பும்போது பேரின்பநாதன் கூட்டம் எப்படிப் போனது என்று கேட்டான். கேள்வி கேட்டார்கள் என்றாள். எதைப் பற்றி என்றான். மஞ்சளைப் பற்றி என்றாள். அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. நெடுஞ்சாலையில் அவன் வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினான்.

மறுநாள் காலை அவள் அவனையும் குளத்தைச் சுற்ற அழைத்தாள். அவன் நடக்கிற ஆள் இல்லை. என்றாலும் வந்தான். வாத்துகள் கரையில் நின்றன. நாய்க்காரர் எதிரே வந்து, நாய்க்கு இரவு சரியாகத் தூக்கமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். ஞானமணி எதையும் தொடங்கவில்லை. முதல் சுற்று முழுக்க அவன் வீட்டுக் கூரையில் மாற்ற வேண்டிய ஓடுகளைப் பற்றிப் பேசினான். இரண்டாம் சுற்றில் பாதியில் நிறுத்தினான்.

"சிவகரன் சொல்லிப்போட்டானோ?"

"ஓம்."

கொஞ்ச தூரம் போனார்கள்.

"மஞ்சள் அடிச்சதும் அதுக்குத்தான்," என்றான்.

"அது நேற்று இரவுதான் எனக்கு விளங்கினது. நான் உன்னைப் பெரிய சத்தியவான் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான்."

"எழுதினதில ஒரு பொய்யும் இல்லையே."

"இல்லை. அரிச்சந்திரன்ர தம்பி."

அவன் சிரித்தான். சிரிப்பு சீக்கிரம் நின்றது. "அங்க உன்னை ஆர் பாக்கினம் அக்கா? ஏதும் ஒண்டு நடந்தா?"

"எஸ்னாட் பாப்பாள். அவளின்ர தாய் பாப்பா. பம்படியில ஒரு நாள் காலமை என்னைக் காணாட்டில் அஞ்சரைக்குள்ள பத்துப் பேர் வாசலில நிப்பினம்." இங்கே உன்னைக் காணாவிட்டால் யார் வருவார்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அது அவனுக்குத் தெரியாத கேள்வியா என்ன.

"தம்பி, இதைக் கேள். நீ என்னட்ட நேர கேட்டா நான் நிக்கிறன். சபைக்குக் கடிதம் குடுக்கிறன், எஸ்னாட்டுக்கும் சொல்லுறன். கோபம் இல்லை. ஆனா நீ வாயால கேக்க வேணும்."

அவள் மெய்யாகத்தான் சொன்னாள். சொன்ன பிறகு கசவேயின் பாதை ஒவ்வொரு வளைவாகக் கண்ணில் வந்தது. அவன் கேட்டுவிடுவானோ என்ற பயம் வெளியே தெரியாதபடி நடையை எட்டிப் போடாமல், சீராகப் போட்டாள்.

இன்னும் ஒரு முழுச் சுற்று நடந்தார்கள். குளத்தின் நடுவிலிருந்த செயற்கை நீரூற்று நின்று, மறுபடி எழும்பியது.

"கேக்க மாட்டன்," என்றான் கடைசியில். "கேக்கிறதெண்டா நேர கேட்டிருப்பன். கேக்கக் கூடாதெண்டு தெரிஞ்சபடியாத்தானே சிவகரனிட்டப் போனனான்."

அவள் அவன் முதுகில் கை வைத்தாள். வியர்த்திருந்தது.

"ஓடு எப்ப மாத்தப் போறாய்?" என்று கேட்டாள்.

"அடுத்த கிழமை ஆக்கள் வருகினம்."

"அதுக்குள்ள குழுவில கதைச்சு முடிப்பாங்கள்."

புதன்கிழமை ஞானமணி கூப்பிட்டுச் சொன்ன பிறகு சிவகரன் குழுவுக்கு எழுதினார். இன்னும் இரண்டு வருடத்துக்கு அனுப்புவதென்று குழு முடிவு செய்தது. நெடுஞ்செழியன் தானே தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார். "ஆன்ட்டி, சாரி, நான் ரொம்ப குடைஞ்சிட்டேன். அந்த ஃபார்ம்ல ஒரு மாத்தம் பண்ணிருக்கேன். பலன் கட்டத்துல இனிமே 'பிறகு தெரியும்'னு ஒரு ஆப்ஷன் இருக்கும்." ஐந்தாவது குடுவையும் வந்தது.

அன்று மாலை எஸ்னாட்டின் கடைசிக் கேள்விக்கு ஞானமணி பதில் எழுதினாள். பேரின்பநாதன் சாய்வு நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்தப் பாதி வழி," என்றான், "தூரத்தில பாதியோ, நேரத்தில பாதியோ?"

"உனக்கு விசர். ஆற்றங்கரை வந்தா பாதி. அவ்வளவுதான்."

"இல்லை, ஒரு கணக்குக்குக் கேக்கிறன்."

இரண்டு நாள் கழித்துச் சாப்பிடும்போது சொன்னான். "இஞ்ச இருந்து கசவேக்குத் தோஹா வழியாப் போனா, தூரத்தில பாதி ஹங்கேரிக்கு மேல விழுகுது."

"அதுக்கு?"

"அங்க இறங்கேலாது."

நவம்பர் நான்காம் தேதி விமான நிலையத்தில் அவளுடைய இரண்டு பெட்டிகளையும் நிறுத்துக் கொடுத்த பிறகும் அவன் தோளிலிருந்த பையை இறக்கவில்லை. பாதுகாப்புச் சோதனை வரிசையில் அவள் விடைபெறத் திரும்பியபோது அவனும் வரிசையில் நின்றான். கையில் கடவுச்சீட்டு இருந்தது.

"தோஹா வரைக்கும்," என்றான். "ஹங்கேரியை விடக் கொஞ்சம் கூடத்தான். பரவாயில்லைத்தானே? வேலை செய்த காலத்தில சேத்த விமான மைல் எல்லாம் சும்மா கிடக்குது. வந்திறங்கி அஞ்சு மணித்தியாலத்தில எனக்குத் திரும்புற விமானம்."

அவள் அவனைத் திட்டினாள். பதினைந்து மணி நேரம் பறந்து, திரும்பிப் பதினாறு மணி நேரம் பறக்கிறவனுக்கு மூளை இருக்கிறதா என்று கேட்டாள். அவனுடைய பிரஷர் மாத்திரை எங்கே என்று கேட்டாள். அவன் பையைத் தட்டிக் காட்டினான். வரிசை நகர்ந்தது.

விமானத்தில் அவன் திரையில் வரைபடத்தை வைத்துக்கொண்டு இருந்தான். எங்கோ ஓரிடத்தில் அவளைத் தட்டி எழுப்பி, "ஹங்கேரி," என்றான். அவள் ஜன்னலைத் திறந்தாள். மேகம்தான் இருந்தது. அதன் பிறகு அவன் பத்மராணியின் கடைசி மாதத்தைப் பற்றிப் பேசினான். மூன்று வருடமாக யாரிடமும் சொல்லாத சில விஷயங்களைச் சொன்னான். இருவரும் முன் இருக்கையின் முதுகைப் பார்த்தபடி இருந்தார்கள்.

தோஹாவில் அவளுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. நீளமான கட்டடத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை இரண்டு முறை நடந்தார்கள். கடிகாரக் கடைகள், பேரீச்சம்பழக் கடைகள், தரையில் படுத்துத் தூங்குகிற குடும்பங்கள். அவளுடைய வாயிலில் ஆட்கள் வரிசை கட்டத் தொடங்கினார்கள். அவன் நின்று அவளைப் பார்த்தான்.

"இன்னும் நாப்பது நிமிசம் இருக்கு," என்றாள் அவள்.

இன்னொரு முறை நடந்தார்கள். திரும்பி வந்தபோது வரிசை குறைந்திருந்தது. அவன் பையிலிருந்து பம்பின் கைப்பிடிக்கு மாற்ற இரண்டு ஆணிகளை எடுத்துக் கொடுத்தான். அளவு எஸ்னாட்டிடமே கேட்டு வாங்கியிருந்தான்.

ஞானமணி அவற்றைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"போதும் தம்பி," என்றாள். "திரும்பு."

அவன் உடனே திரும்பினான். முறை தெரிந்தவன்போல நேரே நடந்தான். அவள் வரிசையில் நகர்ந்தபடி கண்ணாடிக்கு அப்பால் பார்த்தாள். அவன் அறிவிப்புப் பலகையின் கீழ் நின்று தன் வாயில் எது என்று தேடிக்கொண்டிருந்தான். துப்புரவு வண்டி தள்ளிவந்த ஒருவரிடம் கேட்டான். உயரமான மனிதர், ஆப்பிரிக்காவின் ஏதோ ஒரு நாட்டுக்காரர். அவர் கையை நீட்டிக் காட்டினார். பிறகு வண்டியைச் சுவரோரம் விட்டுவிட்டு அவனோடு நடக்கத் தொடங்கினார்.